தோளில் வைத்த பஞ்சு

இஸ்திரி போடும்போது கோட்டுக்கு மேலே விரிக்கிற வெள்ளைத் துண்டில் இன்னும் உன் வாசனை இருக்கிறது, மச்சான். நீலகிரித் தைலம். மேடை ஏறுவதற்கு முன்னால் தொண்டையில் தடவிக்கொண்டு, விரலில் ஒட்டிய மிச்சத்தைக் கோட்டுக் கழுத்திலேயே துடைத்துவிடுவாய். "கையாலேயே தச்ச கழுத்துடா அது, அதுலயா துடைக்கிற" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உன் நீலக் கோட்டை மேசையில் விரித்து, ஈரத் துண்டைப் போட்டு அழுத்தினேன். ஆவியோடு அந்த வாசனை கிளம்பியது. நீ போய் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று நேற்றுத்தான் தோன்றியது. நேற்று உன் மகனுக்குக் கல்யாணம். அங்கே நடந்ததை வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால், உன்னிடம் நான் சொல்லாமல் விட்டதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கோட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது உன் மனைவிதான். மகனும் கூட வந்திருந்தான். "புதுசா தச்சிக்கோன்னு சொன்னா கேக்க மாட்றான் அண்ணே. அப்பா கோட்டதான் போடுவேன்னு நிக்கிறான்லா" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உன் மகனை உனக்குத் தெரியும், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். தோள் மட்டும் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றது. இடுப்பு அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது.

உன் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். "இவனுக்கு எப்படிண்ணே சரியா இருக்கு? அவர் எப்ப இவ்ளோ ஒல்லியா இருந்தாரு?" என்று கேட்டாள்.

"அப்ப ஸ்லிம் ஃபிட்தாம்மா ஃபேஷன். அப்படியே வெட்டிட்டேன்" என்றேன். வாயில் குண்டூசி வைத்திருந்தேன். பொய் சொல்லும்போது அது வசதியாகப் போயிற்று. தோளை மட்டும் பிரித்துத் திருத்த வேண்டும், அடுத்த வியாழக்கிழமை வந்து பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனதும்தான் ஈரத் துண்டைப் போட்டேன், வாசனை வந்தது, வெளியே போய் நின்றேன்.

ஸ்லிம் ஃபிட். நீ கேட்டிருந்தால் கடையைவிட்டே வெளியேறியிருப்பாய். உனக்குப் பழைய இங்கிலீஷ் தோள்தான் வேண்டும். குதிரை முடி கலந்த கேன்வாஸை நெஞ்சுக்குள் வைத்து, தோளில் பஞ்சு அடுக்கி, கை சேரும் இடத்தைச் சற்று உயர்த்தி, கோட்டு தானாகவே நிற்க வேண்டும், நீ சும்மா உள்ளே நுழைந்துகொண்டால் போதும். ஈப்போவில் நான் தொழில் பழகிய கான்டனீஸ் சீனர் கடையில் அப்படித்தான் தைப்பார்கள். தோட்டத்துத் துரைமார்களுக்குத் தைத்துப் பழகிய கடை. இப்போது வருகிற பிள்ளைகள் போனில் இத்தாலிக்காரன் படத்தைக் காட்டி, "தோள் பேட் வேணாம் அங்கிள், சட்டை மாதிரி விழணும்" என்கிறார்கள். நீ அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "தோள் இல்லாத கோட்டு, தொங்கப்போட்ட துண்டு" என்று முகத்தைச் சுளிப்பாய். சிம்பாங் பூலாய் கல் குவாரி ஆபீசில் வாரம் முழுக்கக் கணினி முன் குனிந்திருக்கும் குமாஸ்தா நீ, சனி ஞாயிறுகளில் பேராக் மாநிலம் முழுக்கக் கல்யாண மேடைகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தும்போது வேறு ஆளாகிவிடுவாய். "மேடையில பாதி குரல், பாதி தோள்" என்பாய். அலட்டல் ஜாஸ்தி உனக்கு. ஆனால் அந்த அலட்டல் எனக்குப் பிடிக்கும்.

உன் தோளைப் பற்றி நம் இருவருக்கு மட்டும் ஒன்று தெரியும். தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் நாம். உன் அம்மா வெட்டிய பாலை இரண்டு வாளியில் நிரப்பி, கம்பில் தொங்கவிட்டு, எப்போதும் வலது தோளிலேயே தூக்கிக்கொண்டு போவாய். அந்தத் தோள் அரை அங்குலம் இறங்கிப்போய், அப்படியே நின்றுவிட்டது. முதல் கோட்டுக்கு அளவெடுத்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் வலது பக்கம் மட்டும் ஓர் அடுக்குப் பஞ்சு கூட வைத்தேன். கண்ணாடியில் இரண்டு தோளும் சமமாகத் தெரிந்தது. நீ வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாய். முப்பது வருஷத்தில் பதினொரு கோட்டு தைத்தேன், பதினொன்றிலும் அந்தப் பஞ்சு உண்டு. அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசாமல் இருப்பதுதான் எங்கள் தொழில். வாடிக்கையாளர் உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கான்டனீஸ் கடையில் அளவை உரக்கச் சொல்லவே மாட்டார்கள். எடுப்பவன் விரலால் காட்டுவான், எழுதுபவன் எழுதிக்கொள்வான். வயிறு சரிந்தவருக்கு நோட்டில் சாய்வாக ஒரு கோடு, கூன் விழுந்தவருக்கு ஒரு வளைவு. அவர் அந்த நோட்டை எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. பெருத்துவிட்ட ஆள் பழைய கோட்டைக் கொண்டுவந்தால், "இந்தத் துணி கொஞ்சம் சுருங்கும் சார்" என்று பழியைத் துணிமேல் போட்டுவிட்டுத் தையலைத் தளர்த்திக் கொடுப்போம். அவரும் ஆமாம் ஆமாம் என்பார். பெருத்தவரிடம் சொல்ல எங்களிடம் இப்படிப் பொய்கள் இருக்கின்றன. இளைத்துப் போய் வருகிறவரிடம் சொல்ல எதுவும் இல்லை. நல்லா இருக்கீங்க என்று எல்லாரும் சொல்வதைத்தான் நாங்களும் சொல்வோம்.

நீ போன அந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் நீலக் கோட்டோடு வந்தாய். கிளினிக்கில் சர்க்கரை நோய்க்காக எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் போலோ மைதானத்தைச் சுற்றி நடந்தாய், பால் தேநீரான தே தாரிக்கை விட்டுவிட்டுப் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் குடித்தாய். "இடுப்பப் பிடி லா மச்சான், ரெண்டு இஞ்சாச்சும் இறங்கியிருக்கும்" என்றாய். முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறரை. ஒன்றரைதான் என்று காட்டினேன், டேப் பொய் சொல்லுது என்று சண்டை போட்டாய். பிடித்துக் கொடுத்தேன். "துணிய வெட்டல, உள்ளதான் மடிச்சி வெச்சிருக்கேன். எப்படியும் மறுபடி பெருப்ப" என்றேன். சிரித்தோம்.

சித்திரையில் மறுபடி வந்தாய். முப்பத்துநாலரை. முழங்கால் வலியால் நடையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டது என்று நீயே சொன்னாய். காலையில் நெய்யில் சுட்ட ரொட்டி சானாய் சாப்பிடுகிறேன் என்றும் சொன்னாய். "நடக்கிறத விட்டும் இறங்குது பாரு. உடம்பு பழகிக்கிச்சு போல" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நீ கேட்காமலே கழுத்தை அளந்தேன். பதினாறரை இருந்த கழுத்து பதினைந்தரைக்கு வந்திருந்தது. சாப்பாட்டைக் குறைத்து இளைக்கிறவனுக்கு முதலில் வயிறு போகும். கழுத்து கடைசியாகத்தான் போகும், தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கிற சதை லேசில் போகாது. முப்பது வருஷமாக மனிதர்களைத் தொட்டு அளப்பவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? உன் முதுகில் கை வைத்தபோது தோள் எலும்புக்குக் கீழே என் உள்ளங்கை ஒரு பள்ளத்தில் இறங்கியது. கோட்டுக் கழுத்து உன் கழுத்தைவிட்டு ஒரு விரல் விலகி நின்றது. கோட்டில் ஒரு குறை இருக்கிறது, சரி செய்ய வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. உன்னிடம் ஏதோ சரியில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. ஓர் அடுக்குப் பஞ்சு கூட வைத்தேன்.

ஆனி மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு பெரிய கல்யாணம், நீதான் மைக். அதற்கு முந்தின வாரம் மூன்றாவது முறையாக வந்தாய். முப்பத்திரண்டரை. ஃபிட்டிங் பார்க்கும்போது நாற்காலி கேட்டு உட்கார்ந்தாய். கண்ணாடி முன்னால் நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "களைப்பா இருக்கு லா, வெயில்" என்றாய். நான் இன்னோர் அடுக்கு வைத்தேன். முதுகுப் பள்ளத்தில் மெல்லிய பஞ்சுத் தகடு ஒன்றையும் லைனிங் துணிக்குள் ஒட்டித் தைத்தேன். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, "முப்பது வயசுல இப்படித்தானே இருந்தேன் மச்சான்" என்று கேட்டாய்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்றேன்.

என் வாயால் சொன்னேன். அந்தக் கல்யாண வீடியோவில் உன்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆள் என்ன கம்பீரமாக இருக்கிறார் என்றார்கள். அந்தக் கம்பீரத்தில் பாதி நான் வைத்த பஞ்சு. உன் உடம்பு குறையக் குறைய நான் நிரப்பிக்கொண்டே வந்தேன். நன்றாகத் தைக்கத் தெரியாத ஒருவனிடம் நீ போயிருந்தால் கோட்டு தொளதொளவென்று தொங்கியிருக்கும். யாராவது ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்.

ஆடியில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள். நான் வந்தபோது உன் மனைவி வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "எப்பலேருந்து இளைக்க ஆரம்பிச்சாருன்னு டாக்டர் கேக்குறாரு அண்ணே. எங்களுக்குச் சொல்லத் தெரியல" என்றாள். பொங்கல், சித்திரை, ஆனி. தேதியோடு, அரை அங்குலம் பிசகாமல், என் நோட்டில் இருந்தது. இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான், அவள் முன்னால்தான் நின்றிருந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பாடு வாங்கிவந்தேன்.

அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. என் கைக்குத் தெரிந்தது தெரியாமலே நீ போனாய். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஐப்பசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நீ போய்விட்டாய். உனக்குக் கடைசியாகப் போட்டுவிட்டது வெள்ளை வேட்டியும் சட்டையும். சட்டை தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. நான் இழுத்து இழுத்து விட்டேன்.

இனி, அவர்களை வரச் சொன்ன வியாழக்கிழமைக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலமே கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தோளைப் பிரித்து, பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால், காலையில் அவள் வரும்போது திருத்திய கோட்டுதான் இருக்கும். ஸ்லிம் ஃபிட் கதையோடு எல்லாம் முடிந்துவிடும். பத்து நிமிஷ வேலை. செய்யவில்லை. நல்லவன் என்பதால் இல்லை மச்சான், களைத்துப் போயிருந்தேன். உன் கோட்டுக்குள் இன்னொரு முறை எதையாவது மறைக்க என்னால் முடியவில்லை.

அவள் தனியாக வந்தாள். எதிரே ஸ்டூலில் உட்காரவைத்தேன். லைனிங்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். இடது தோளில் மூன்று அடுக்கு, வலதில் நான்கு. முதுகுத் தகடு. அவள் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "ஒரு கோட்டுக்கு இவ்ளோ பஞ்சா வைப்பீங்க?"

"வைக்க மாட்டோம்மா."

அளவு நோட்டை எடுத்து உன் பக்கத்தைத் திறந்து படித்தேன். என் கடையில் ஒரு மனிதனின் அளவை நான் உரக்கப் படித்தது அதுதான் முதல் முறை. பொங்கல், இடுப்பு முப்பத்தாறரை. சித்திரை, முப்பத்துநாலரை, கழுத்து பதினைந்தரை. ஆனி, முப்பத்திரண்டரை, கழுத்து பதினைந்து. நடையை நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னதையும் சொன்னேன். பள்ளத்தையும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "டாக்டர் கேட்டாருன்னு உங்ககிட்டதானே சொன்னேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"கிளினிக்ல சொன்னபடி இளைச்சிட்டாருன்னு கோயில்ல அர்ச்சனை செஞ்சவ நான். ஒரே வீட்டுல இருந்தேன், எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." கையில் இருந்த பஞ்சை மேசையில் திரும்ப வைத்தாள். "சித்திரையிலயே போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியலம்மா." உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நீ பிழைத்திருக்க மாட்டாய் என்று சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போம். அன்றைக்கு அந்த ஒரு பொய்யையும் சொல்ல வாய் வரவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தச்சிடுங்க. கல்யாணத்துக்கு வேணும்." வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். "பையன்கிட்ட சொல்லாதீங்க அண்ணே. அவன் உங்கள பெரியப்பான்னு கூப்பிடறான்."

தோளில் ஒன்றுமே வைக்காமல் தைத்தேன். ஒரு துணுக்குப் பஞ்சுகூட இல்லை. நீ வெறுத்த இத்தாலிக்காரன் தோள், உன் மகனுக்கு நன்றாகத்தான் விழுந்தது.

நேற்று மண்டபத்தில் காலையில் தாலி கட்டு, மதியம் விருந்து. விருந்துக்கு உன் மகன் வேட்டியை மாற்றிக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். யாரோ ஒரு பையன் மைக் பிடித்தான், ரொம்பக் கத்தினான், நீ இருந்தால் பாதியிலேயே பிடுங்கியிருப்பாய். உன் மனைவி பந்தியில் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கும் வந்தாள். "போட்டுக்குங்கண்ணே" என்றாள். எல்லாரிடமும் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னாள், ஆனால் மற்றவர்களிடம் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், என்னிடம் இலையைப் பார்த்து.

சாப்பிட்டுவிட்டு மேடைக்குப் போனேன். உன் மகன் காலில் விழுந்து எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். "தோள் சூப்பரா இருக்கு பெரியப்பா. எல்லாரும் அப்பா மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்க." என் கை அவன் முதுகுக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷமாக யாரைத் தொட்டாலும் அது அப்படித்தான் போகிறது, பஸ்ஸில் கைகொடுத்து ஏற்றிவிடுகிறவன் தோளைக்கூட விடுவதில்லை. எலும்புக்குக் கீழே தேடினேன். சதை இருந்தது. கெட்டியாக, சூடாக இருந்தது. எடுக்க மனமில்லாமல் கையை அங்கேயே வைத்திருந்தேன்.

"என்ன பெரியப்பா?" என்றான்.

"நெஞ்சு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு, கழுத்து பதினைந்து" என்றேன். "நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ கடைக்கு வந்து நில்லு. சும்மா வா, எதுவும் தைக்க வேணாம். சும்மா இருக்கும்போது அளவு இறங்குச்சுன்னா நான் உனக்குச் சொல்றேன்."

கேலி செய்கிறேன் என்று நினைத்து உன் மகன் சிரித்தான், மருமகளும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற உன் மனைவி போட்டோகிராபரைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இவனுக்குச் சொல்லுவீங்க" என்றாள்.

படம் எடுத்தார்கள். நான் மேடையைவிட்டு இறங்கினேன். அவள் சொன்னது சரிதான், மச்சான். இன்று காலையிலிருந்து அந்த இரண்டு வார்த்தைதான் என்னோடு கடையில் உட்கார்ந்திருக்கிறது.